சும்மா இருக்கிற கை

நான் இடக்கைக்காரி. எங்கள் மணலூர்பேட்டைப் பக்கம் இடது கையைப் பீச்சாங்கை என்பார்கள். சொல்லும்போதே முகம் சுளித்துக்கொள்வார்கள். சோறு தின்பது, திருநீறு வாங்குவது, கடையில் காசு நீட்டுவது எல்லாம் சோத்தாங்கைதான், அதாவது வலது கை. என் அம்மா இந்த விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சின்ன வயதில் தட்டில் இடது கை பட்டால் கரண்டிக் காம்பால் விரலில் ஒன்று போடுவாள். எழுதவும் வலது கையால்தான் பழக்கினாள். என் கையெழுத்து இன்றைக்கும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வாள்சண்டை வந்தது. அதுவரை அங்கே யாரும் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பி.டி. டீச்சர் ஒரு பை நிறைய வாள்களும் வலை முகமூடிகளும் கொண்டுவந்து கொட்டினார். வாள் என்று பேர்தான். மெல்லிய கம்பி, நுனியில் ஒரு பொத்தான். எதிராளியின் மேல் பட்டு அமுங்கினால் விளக்கு எரியும். நான் நல்ல பிள்ளையாக வலது கையால் எடுத்து எல்லாரிடமும் தோற்றேன். ஒருநாள் எரிச்சலில் கை மாற்றினேன். நான் எந்தப் பக்கமிருந்து குத்துகிறேன் என்பதே எதிரில் நின்றவளுக்குப் பிடிபடவில்லை.

"இதான்டி உன் கை! இத்தினி நாளா எங்க வச்சிருந்த?" என்று டீச்சர் துள்ளினார். வீட்டுக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். "நாங்கதான் கத்தியும் கையுமா லோல்படறோம், உனக்கும் கத்தியா?" என்று அம்மா தினமும் ஆரம்பிப்பாள். கடைசியில், "மாவட்டப் போட்டிய ஒரு தபா வந்து பாக்கறேன். எனக்குப் புடிக்கலன்னா அத்தோட வுட்டுடணும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். நான் எந்தக் கையால் விளையாடுகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

போட்டி கள்ளக்குறிச்சியில் நடந்தது. அம்மா வெட்டுக்குப் போகாமல், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் வாள் தானாக என் வலது கைக்குப் போய்விட்டது. "பைத்தியமாடி புடிச்சிருக்கு?" என்று டீச்சர் ஓரத்திலிருந்து கத்தினார். ஆட்டம் தொடங்கிவிட்டால் முடியும்வரை கை மாற்றக் கூடாது. தோற்றேன். அடுத்த ஆட்டத்திலும் அம்மா அதே இடத்தில்தான் இருந்தாள். அதிலும் தோற்றேன். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று ஆட்டம், மிச்சமிருந்தது ஒன்றுதான். அதையும் விட்டால் அடுத்த சுற்று கிடையாது. அம்மா சொன்னபடி அதன்பிறகு வாளும் கிடையாது.

அம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. தோற்றதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தோத்தது கெடக்கட்டும். ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் புள்ளைங்களுக்குப் பீச்சாங்கைய நீட்டறியே, இன்னாடி பழக்கம் இது? புள்ளைய வளத்த லட்சணத்தப் பாருன்னு என்னதான சொல்லுவாங்க?"

"அது ஆட்டத்து மொறைம்மா. கடைசியில கை குடுக்கணும். வாள் புடிச்ச கையால குடுக்க முடியாது. சும்மா இருக்கற கையாலதான் குடுக்கணும்."

அம்மா என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பன்னா கத்திய பீச்சாங்கையில புடி. சோத்தாங்கைய சும்மா வச்சிகினு இரு."

"பீச்சாங்கையிலயாம்மா?"

"குத்தறதுக்கு எந்தக் கையா இருந்தா இன்னா? மனுசங்களுக்கு நீட்டறதுதான் சோத்தாங்கையா இருக்கணும்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விளக்கு எரிவதற்காக வாளிலிருந்து என் வலது சட்டைக்கைக்குள் ஓடிய ஒயரை உருவி இடது பக்கம் மாற்றிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை வருஷம் அடி வாங்கிய கைக்கு அன்றைக்குத்தான் அம்மா வாயால் ஒரு வேலை கிடைத்தது.

எதிரில் நின்றவள் வெள்ளிமலைப் பெண். மலைப் பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவள் என்றார்கள். வந்தும் அதுவரை ஒருத்தரிடமும் தோற்கவில்லை. ஐந்து புள்ளி ஆட்டம். நாலுக்கு நாலு வந்து நின்றது. அவள் பாய்ந்தாள். நான் ஒதுங்கி, அவள் கைக்கு வெளிப்பக்கமாக நீட்டினேன். என் பக்கத்து விளக்கு எரிந்தது.

முகமூடியைக் கழற்றினோம். அவள் முறைப்படி இடது கையை நீட்டினாள், நான் வலது கையை நீட்டினேன். இரண்டும் பொருந்தாமல் தடுமாறி, ஒருவழியாக விரல்களைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் விளக்கையும் பார்க்கவில்லை, புள்ளிப் பலகையையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மாநிலத்தில் தங்கம் வந்தது. தேசியப் போட்டிகள் வந்தன. வாள் பையைத் தூக்கிக்கொண்டு விமானமும் ஏறினேன். போன மாதம் வெளியூரில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கை குடுத்தியா?" என்றாள்.

"குடுத்தேம்மா."

"எந்தக் கை?"

"சோத்தாங்கைதான்."

"அப்பறம் இன்னாடி? கண்ணத் தொடச்சிகினு போய்ச் சாப்புடு." போனை வைக்கப்போனவள் மறுபடி சொன்னாள்: "எந்தக் கையில வேணா சாப்புடு."