ஊர்வலத்துக்கு ரேஸ் பிளக்

போன வாரம் மகள் கொலுசைத் தேடி என் நகைப்பெட்டியைக் கவிழ்த்தாள். கொலுசு கிடைக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றிய நான்கு ஸ்பார்க் பிளக்குகள்தான் உருண்டு விழுந்தன. "இது என்னா நகைம்மா?" என்றாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை எப்போதோ போயிருக்கும். ஆனாலும் எனக்கு வந்தது, கூடவே சிரிப்பும்.

கல்யாணத்துக்கு முன்பு கடலூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தேன். 2008 வாக்கில் அந்தத் தெருவிலேயே கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று கேஸ்கெட் எடுத்துக் கொடுத்த பெண் நான் ஒருத்திதான். கொஞ்சம் திமிரும் உண்டு. பெண் பார்க்கப் புவனகிரியிலிருந்து வந்த வருங்கால மாமியார், வேலையைக் கேட்டதும் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். "இரும்புக் கடையில நிக்கிற பொண்ணு வூட்டுக்கு ஆவுமா?" மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றதால்தான் சிதம்பரத்தில் மண்டபம் பிடித்தார்கள்.

என் முதலாளியிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கூரை இல்லை, இரண்டே சீட்டு. அதைக் குழந்தைபோலத் துடைப்பார், இஞ்சின் பக்கம் மட்டும் கை வைக்கமாட்டார். "மாப்பிள அழைப்புக்கு நம்ம வண்டிதாம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ரேஸ் பிளக்தானே போட வேண்டும்? சென்னையிலிருந்து வரவழைத்து, கல்யாணக் களையோடு நானே மாட்டினேன். கழற்றிய சாதாரண பிளக்குகளைத் தாளில் சுற்றி ஸ்பேனரோடு டிக்கியில் போட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வண்டி பறந்தது என்றார் முதலாளி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் பிள்ளையார் கோவிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. மண்டபத்தில் உட்கார்ந்து நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நெருங்கி வந்தது. பிறகு வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. செல்போன் அடித்தது. மாப்பிள்ளை. "வண்டி இருமி இருமி நின்னுபோச்சி. ஒரே கறுப்புப் பொகை. எங்கம்மா மொகத்த பாக்க முடியல."

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ரேஸ் பிளக் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். வண்டி வேகமாக ஓடினால்தான் தன்மேல் படியும் கரியை அது எரித்துக்கொள்ளும். ஊர்வலத்தில் வண்டிக்கு என்ன வேகம்? தவில்காரர் நடக்கிற வேகம்! இத்தனை பேருக்கு பிளக் எடுத்துக் கொடுத்தவள், என் கல்யாணத்துக்கு மட்டும் கோட்டை விட்டேன். கல்யாணம் நிற்காதுதான். ஆனால் "இவ காலடி வைக்கும்போதே வண்டி நின்னுச்சி" என்ற பேச்சு ஆயுசுக்கும் ஓயாதே.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். காரில் இடமில்லாததால் கூடவே நடந்து வந்த மாமியார், வியர்வையும் கோபமுமாக நின்றிருந்தார்.

"பாதி வழியில நிக்கிதே, இது என்னா சகுனம்?"

"சகுனம் இல்ல அத்தை, கார்பன்."

மாப்பிள்ளையின் கைக்குட்டையைப் பிடுங்கி, சுடச்சுட நான்கையும் கழற்றினேன். முனையெல்லாம் கன்னங்கரேல். டிக்கியிலிருந்த பழைய பிளக்குகளை மாட்டி, ரேஸ் பிளக்குகளை அதே தாளில் சுற்றி வைத்துக்கொண்டேன். முதலாளி சாவியைத் திருப்பினார். ஒரு செருமல், அப்புறம் உறுமல்! தவில்காரர் பிளந்து கட்டினார். தெருவே கை தட்டியது. மருதாணிக் கையெல்லாம் கரி. மாமியார் தன் முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டு, "எங்கூடவே நட. மறுபடி நின்னா யாரு பாக்கறது?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மாப்பிள்ளை அழைப்பில் நானே நடந்தேன். எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும் கார்பன், மோட்டார் நின்றாலும் கார்பன். இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வரும்: "கார்பன் புடிச்சிருக்கும்மா, கழட்டித் தொட."

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். காரை முதலாளி யாருக்கோ கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டு ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடுகிறது, அதற்கு பிளக்கே கிடையாது. அத்தை போய் இரண்டு வருடம் ஆகிறது.

நேற்று இவர் எதற்கோ கோபித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷம், இருவருமே அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அப்புறம் நானே சொன்னேன், "கார்பன் புடிச்சிருக்கு." இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையைத் தேடினார்.