முதல் பாட்டு எனக்கு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போகிறவள் நான். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பாட்டை முணுமுணுத்ததை எதிர் சீட்டுக்காரர் கேட்டுவிட்டார். கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவர். “அடுத்த ஞாயித்துக்கெழமை விழுப்புரத்துல ஒரு ரிசப்ஷன் இருக்குதுங்கக்கா. ஒரு பாட்டு பாடுறீங்களா?” என்றார். நாற்பத்து மூன்று வயதில் உலகம் என்னைக் கண்டுபிடித்துவிட்டது.

அடுத்ததாக, “உங்க கட்டை என்னாங்கக்கா?” என்று கேட்டார். நான் குள்ளம்தான். அதை ரயில் பெட்டியில் வைத்தா விசாரிப்பது என்று முறைத்தேன். பயந்துபோனவர், “சுருதிங்கக்கா, எந்தக் கட்டையில பாடுவீங்கன்னு கேட்டேன்” என்றார். எனக்கு எங்கே தெரியும்? நான் பாடிக்காட்ட, அவரே ஐந்தரை என்று முடிவு செய்துகொண்டார்.

ஒத்திகை திண்டிவனத்தில் ஓர் உரக்கடையின் மாடியில். எனக்குக் கிடைத்தது பிள்ளையார் பாட்டு, அதுவும் நிகழ்ச்சியின் முதல் பாட்டு. பல வருஷம் பாடிய இரண்டு பெண்கள் அங்கே இருக்க, முதலிடம் எனக்கு. தலைகால் புரியவில்லை. அன்றோடு தயிரை நிறுத்தினேன், மிளகுக் கஷாயம் குடித்தேன். குரலைச் சேமிக்க அலுவலகத்தில் யாரோடும் பேசாமல் இருந்தேன். ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் நான் பாட ஆரம்பித்தால் என் கணவர் டிவி சத்தத்தை ஏற்றுவார். பதினெட்டு வருஷமாக அதுதான் அவருடைய விமர்சனம். ஒரு பாட்டைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை. மேடையும் கூட்டமும் எனக்கு இரண்டாம்பட்சம். அந்த மனிதர் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஆசையும். “ஏழு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடுங்க” என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை கடைசி ஒத்திகையில், முதல் பாட்டு என்னுடையதாக்கும் என்று தபலாக்காரரிடம் பெருமையடித்தேன்.

“புதுசா வர்றவங்களுக்கு அதாங்கக்கா குடுப்பாங்க” என்றார் அவர். “அஞ்சு மணிக்கே பாடிடணும். அத்த வச்சிதான் மைக் செட் பண்ணுவாங்க. அப்ப மண்டபத்துல யாரு இருக்கப் போறாங்க, சேர் போட்டுக்கினு இருப்பாங்க.”

ஆக, ஒரு வாரம் நான் கஷாயம் குடித்தது ஸ்பீக்கருக்காக. அவமானமாக இருந்தது. அழுதால் தொண்டை கட்டிவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம், ஐந்து மணிக்கே வரவேண்டும் என்றேன்.

“அப்ப மேட்ச் ஓடிக்கினு இருக்குமே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறியபோது எதிரே முழுக்கக் காலி நாற்காலிகள். நாலாவது வரிசையில் மட்டும் அவர், போனில் மேட்ச் பார்த்துக்கொண்டு. வந்ததே பெரிது என்று பாட ஆரம்பித்தேன். பல்லவி முடிந்து சரணத்தின் முதல் வரிக்கு வந்ததும் சவுண்டுக்காரர் கையைத் தூக்கினார்.

“போதுங்கக்கா, செட் ஆயிடுச்சி.”

வாத்தியங்கள் நின்றன. நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“ஏங்க நிறுத்திட்டீங்க?” என்று நாலாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார், போன் சட்டைப் பையில் இருந்தது. “பாட்டு இன்னும் இருக்குதில்ல, முழுசா பாடட்டுங்க.”

கீபோர்டுக்காரர் சிரித்துக்கொண்டே மறுபடி சரணத்துக்கு வாசித்தார். எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.