மீனில்லாத எழுபத்தாறு நாள்

எங்கள் பல் கிளினிக்கில் அவருக்குப் பெயர் சுடுதண்ணி அக்கா. வைத்தது நான்தான். ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊர்ப்பட்ட பேருக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்க நேரம் கிடைக்கும். கருவிகளைக் கழுவிப் பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்தில் வைத்து எடுப்பது அக்காவின் வேலை. ஒருநாள் நான் குடித்துவிட்டு வைத்த டீ கப்பையும் அதற்குள் வைத்து எடுத்து, "இப்ப குடி" என்று நீட்டினார். கப்பின் பிடி உருகியிருந்தது.

இங்கே வருவதற்கு முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் இதே வேலை. அங்கே ஒருநாள் ஆபரேஷன் அறைக்குப் போகவேண்டிய பொட்டலம் இயந்திரத்திலிருந்து ஈரமாக வந்துவிட்டது. துணி நனைந்திருந்தால் கிருமி உள்ளே புகுந்துவிடும். அந்தப் பொட்டலத்தை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். சர்ஜன் வாசலில் நின்று காட்டுக்கத்தல் கத்தினார். அக்கா தரவில்லை. அடுத்த மாதம் ஆள் குறைப்பு என்று சொல்லி அவர் ஒருவரை மட்டும் குறைத்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. "பொட்டலம் உள்ள போகல இல்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எங்கள் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் சுவரோரமாக மீனும் இறாலும் பவளமும் உள்ள ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. டாக்டரம்மா ஆசைப்பட்டு வாங்கி வைத்தது. ஆசை அவருடையது, தீனி போடுவது அக்கா. டாக்டர் வயதில் பதினைந்து வருஷம் சின்னவர் என்பதால் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டு முடித்ததும் ஒரு வேலை சொல்வார். தொட்டியைக் கழுவ மாதம் ஒருமுறை தொட்டிக்காரர் வருவார். அவருக்கு இருபது வாடிக்கையாளர்கள், ஒரு வாளி, ஒரு வலை.

அந்தத் தொட்டிக்காரர் ஒரு வியாழக்கிழமை நீல மீன் ஒன்றைப் பையில் கொண்டுவந்து நேராகத் தொட்டிக்குள் விட்டுவிட்டுப் போனார். அடுத்த வியாழக்கிழமைக்குள் அதன் மேலெல்லாம் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஏற்கெனவே இருந்த நான்கில் மஞ்சள் மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றன. போன் செய்ததும் தொட்டிக்காரர் ஒரு புட்டியோடு வந்தார்.

"உப்புத் தண்ணில இதெல்லாம் சகஜம்மா. செம்பு மருந்து. தொட்டில ஊத்துங்க. பொழச்சா பொழைக்குது, இல்லன்னா புதுசு கொண்டாறேன்."

அக்கா புட்டியை வாங்கி ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். "இறால், பவளம் இருந்தா ஊத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"அது போனா போகட்டும்."

"அப்ப இந்தத் தொட்டில ஊத்த விடமாட்டேன்."

டாக்டர் வெளியே வந்தார். "அக்கா, இருவது வருஷமா இதே தொழில் பண்றாரு. அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

காத்திருப்போரில் ஒருவர் கையைத் தூக்கினார். மீன் பண்ணை ஒன்றில் வேலை பார்ப்பவர். கடைவாய்ப் பல் பிடுங்க ஊசி போட்டிருந்ததால் பாதி முகம் மரத்துப்போயிருந்தது, வாயில் பஞ்சு. பேச முயன்றார், எச்சில்தான் வந்தது. என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்கி, எங்கள் அப்பாயிண்ட்மென்ட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். எல்லா மீனையும் வெளியே எடு. தனித் தொட்டி. மணல், கல் வேண்டாம், செம்பைக் குடித்துவிடும். பெரிய தொட்டியில் எழுபத்தாறு நாள் மீனே இருக்கக் கூடாது. ஒட்ட மீன் இல்லாமல் கிருமி பட்டினியில் சாகும்.

அக்காவுக்கு அவ்வளவு போதும். அன்று மத்தியானமே ஸ்டோர் ரூமில் பழைய ஃபைல்கள் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டி காலியானது. ஃபைல்கள் என் காலடிக்கு வந்தன. இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. பெட்டியைக் கழுவி, புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை ஊற்றி, ஹீட்டர், காற்று ஊதும் குழாயோடு ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக வைத்தார். மீன் ஒளிந்துகொள்ள பிளம்பரிடம் கேட்டு வாங்கிய குழாய்த் துண்டுகள். பக்கத்திலேயே கம்ப்ரஸர் தடதடவென்று ஓடும் என்பதால் மீன் மிரளாமல் இருக்க மூன்று பக்கமும் காகிதம் ஒட்டினார். மருந்தை ஒரே மூச்சில் ஊற்றாமல் நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். காலையும் மாலையும் ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து, செம்பின் அளவைக் காட்டும் சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

மீன் பிடிக்கும்போதே முதல் சண்டை வந்தது. கோமாளிகளில் சின்னதன் மேலே ஒரு புள்ளிகூட இல்லை.

"அதையாவது விடுங்கக்கா. வெறும் தொட்டி பாக்கவே நல்லாவா இருக்கும்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணு இருந்தாலும் கிருமிக்குச் சோறு கிடைக்கும் டாக்டர்."

"நான் சொல்றேன்கா."

"சொல்லுங்க," என்றபடியே அக்கா வலையைப் போட்டார்.

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "சரி. ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தமும் உங்க பொறுப்பு. செத்துச்சுன்னா அதுக்கப்புறம் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. அவரு வந்து புதுசு விட்டுட்டுப் போகட்டும்."

மூன்றாம் நாள் நீல மீன் செத்தது. மீன் கழிவால் தண்ணீரில் அம்மோனியா ஏறியிருந்தது, புது ஸ்பான்ஜ் அழுக்கைத் தின்னப் பழகியிருக்கவில்லை. பாதித் தண்ணீரை மாற்றியிருக்க வேண்டும், அக்கா கால்வாசிதான் மாற்றியிருந்தார். தப்பு தன்னுடையது என்று அவரே டாக்டரிடம் போய்ச் சொன்னார். நேராகத் தொட்டிக்குள் விட்டவனை ஒரு வார்த்தை கேட்காதவர்கள், மூன்று நாள் உயிரைக் கொடுத்துப் பார்த்தவரிடம் கணக்குக் கேட்டார்கள்.

"மிச்சம் நாலையும் இப்பவே தொட்டிக்காரர்கிட்ட ஒப்படைச்சிடுங்க," என்றார் டாக்டர்.

"முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து தினமும் பாதித் தண்ணீர். மாற்றும் தண்ணீரிலும் மருந்தை அளந்து கலந்துதான் ஊற்றுவார். முதுகு பிடித்துக்கொண்டது. இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாளி தூக்கினார். இரண்டாவது வாரம் புள்ளிகள் உதிர்ந்தன. மாதம் முடிந்து மருந்தை நிறுத்தியபோது நாலும் தீனிக்கு முண்டியடித்தன. மஞ்சள் மீன் அக்காவின் விரலைக் கடிக்கவே ஆரம்பித்துவிட்டது.

"நல்லாயிடுச்சு இல்ல? விட்டுடலாமே?" என்றார் டாக்டர்.

"அதுங்க நல்லாயிடுச்சு. தொட்டி நல்லாகல. நாப்பத்தாறு நாள் பாக்கி."

காத்திருக்கும் நோயாளிகளின் நக்கலுக்குக் குறைவில்லை. "மீனெல்லாம் பல்லு கட்டப் போயிருக்கா?" என்று ஒருவர். அக்கா தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உள்ள ட்ரீட்மென்ட்ல இருக்கு. உங்க நம்பர் வந்தா கூப்பிடுவோம்," என்பார்.

ஐம்பத்திரண்டாவது நாள் அது நடந்தது. மறுநாள் டாக்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பேராசிரியர் கிளினிக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. தொட்டிக் கண்ணாடியில் பாசி படிந்திருக்கிறது என்று டாக்டர் யாரிடமும் சொல்லாமல் தொட்டிக்காரரை வரச்சொல்லிவிட்டார். அவர் இன்னொரு வீட்டுத் தொட்டியைக் கழுவிவிட்டு அப்படியே வந்தார். நான் போனில் இருந்தேன். அக்கா உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்தபோது, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்த வலை எங்கள் தொட்டிக்குள் பாசியை அள்ளிக்கொண்டிருந்தது.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொட்டிக்காரர் கையிலிருந்து வலையை வாங்கித் தரையில் வைத்தார். "இது கடைசியா எந்தத் தொட்டில இருந்துச்சு?"

"இப்பதான் ஒரு வீட்ல... அங்கயும் ரெண்டு மீனுக்கு லேசா புள்ளி. பயப்படாதீங்க, அலசிட்டுதான்மா வந்தேன்."

"இன்னைக்கு ஒண்ணு," என்றார் அக்கா. "மறுபடி எழுபத்தாறு."

டாக்டர் வந்தார். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்ததால் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, விளையாடறீங்களா? நாளைக்கு சார் வராரு. நாலு மீனையும் இன்னைக்கே தொட்டில விடறோம். ஒரே ஒரு தடவ வலை பட்டதுக்கா இவ்வளவு?"

அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒருத்தர் வாய்ல வெச்ச கண்ணாடிய, ஒரே ஒரு தடவ, தண்ணில அலசிட்டு இவங்க வாய்ல வைக்கலாமா டாக்டர்? நீங்க சொல்லுங்க. வைக்கலாம்னு சொல்லுங்க, நானே மீன எடுத்து விடறேன். நாளைலேருந்து ஆட்டோகிளேவையும் நிறுத்திடறேன்."

வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்த பெரியவர் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டார். அவருக்குப் பக்கத்திலிருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்: "இங்க மாத்துவீங்க இல்ல?"

"எங்க அக்கா ஒவ்வொருத்தருக்கும் தனியா மாத்துவாங்க," என்றேன் நான். வேலை போனால் போகட்டும் என்று ஒரு வேகம்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்க அக்கா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. மறுநாள் பேராசிரியர் வந்தார், மீனில்லாத தொட்டியைப் பார்த்தார், ஏன் என்று கேட்டார். "மறுபடி மொதல்லேருந்து எண்ணுறோம் சார்," என்றார் டாக்டர். எண்ணுறோம் என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது.

எழுபத்தாறு நாளும் முடிந்தது. நாலு மீனும் திரும்பிப் போயின. மஞ்சள் மீன் பழைய கல்லடியில் போய் நின்றுகொண்டு, தன் இடம் என்று மற்ற மூன்றையும் விரட்டியது.

அடுத்த வாரம் தொட்டிக்காரர் கையில் ஒரு பையோடு வந்தார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மீன், பழைய நீல மீனுக்கு ஈடாம். டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் குனிந்திருந்தார். தொட்டிக்காரர் வாசலில் நின்றே கேட்டார்: "தொட்டில விட்டுடட்டுமாம்மா?"

டாக்டர் நிமிரவில்லை.

"என்னை ஏன் கேக்கறீங்க? அக்காவக் கேளுங்க."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டோர் ரூம் வாசலுக்கு வந்தார். பெட்டியில் ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"மீன இங்க குடுங்க," என்றார். "வலைய வெளில வெச்சிட்டு வாங்க."