ஜப்பானைப் பேசி இழந்த பாடு

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஜப்பானுக்கு நான் போனதில்லை. மீஞ்சூரில் ரயிலேறி, சென்னை நூலகங்களில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் படித்தே ஜப்பானைக் கரைத்துக் குடித்தேன். எங்கள் மீனவர் குப்பத்தில் என் பெயரே 'ஜப்பான்' ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆய்வின் சாரம் இதுதான். அங்கே கூட்டம் என்பது ஒப்புக்கு. சங்கடமான விஷயம் ஏதாவது இருந்தால், முன்கூட்டியே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசி முடித்துவிடுவார்கள். சபையில் யாருக்கும் தலைகுனிவு வராது. இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஏரியில் இறால் விழும் இடங்களில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பாடு. மாதச் சம்பளத்துக்குப் போனவனுக்குக் கிடையாது. என் பாட்டில் என் தம்பிதான் வலை கட்டி வந்தான். அவனுடையதோடு என்னுடையதும் சேர்ந்தால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். படிக்கிறவனுக்கு ஏது சம்பளம் என்று குப்பமும் விட்டுவைத்திருந்தது.

போன ஆனியில் எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஆடியில் பாடு பிரிக்கும் கூட்டம். "ண்ணா, வந்து சும்மா குந்திக்கினு இரு. வாயத் தொறக்காத" என்றான் தம்பி. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆராய்ச்சியாளன் அல்லவா, கேள்வி கேட்கும் பழக்கமில்லை.

கூட்டத்தில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் பெயர் வந்தது. நடத்திய பெரியவர் யார் முகத்தையும் பார்க்காமல், "இருக்கட்டும், அடுத்தது" என்றார். ஒருவரும் இருமக்கூட இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து எவனோ, "இன்னா ஜப்பான், உங்காளுங்க கூட்டத்துல இன்னா பண்ணுவாங்க?" என்று சீண்டினான்.

எனக்கு அது போதாதா? எழுந்தேன். ஜப்பானையே இறக்கிவைத்தேன். "இத்தத்தான் இப்ப காலேஜ்ல பாடமா எடுக்கறேன்" என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சும்மாதான சொல்லிக் குடுக்கற? துட்டு கிட்டு இல்லியே?"

"இன்னா பெரிப்பா இப்டி கேட்டுட்ட? மாசம் பொறந்தா டாண்ணு சம்பளம்!"

தம்பி தரையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த மாமா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "அட லூசு! உன் தம்பி வூடு வூடா ஏறி, கால்ல வுழாத கொறையா அல்லார்கிட்டயும் பேசி முடிச்சிருந்தான். நாங்களும் தெரியாத மாறியே இருந்தோம். நீயே எழுந்து தண்டோரா போட்டுட்டியேடா!"

சபையில் சொன்னது சொன்னதுதான். என் பாட்டை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் தனிச்சிறப்பு என்று நான் எழுதிய ஒன்றை, என் தம்பி எனக்காகவே செய்து வைத்திருந்தான். ஆய்வாளர் குறுக்கே புகுந்து கெடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "சம்பளத்துல மாசாமாசம் தரேன்டா" என்றேன்.

"அத்த வுடுண்ணா" என்றான். "அடுத்த கூட்டத்தன்னிக்கி காலேஜ்லயே இரு."

இப்போது என் பாடாக இருந்த நாளில் வேறொருவர் வலை கட்டுகிறார். அவர் படகில் தம்பி கூலிக்குப் போகிறான். இன்று காலை பஸ்ஸுக்கு நின்றபோது, படகிலிருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நான் ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். போட்டிருந்தது ஹவாய்ச் செருப்பு.