நர்ஸம்மாவின் மூடிய ஜாடி

மூக்கு முட்டும்வரை குனிந்து, ஜன்னலோரக் கண்ணாடி ஜாடிக்குள் படிந்த நீர்த்துளிகளைப் பார்க்கிறார் நர்ஸம்மா. தேநீர் ஆறிப்போகிறது, கவலையில்லை. உள்ளே கொஞ்சம் மண், பாசி, ஒரு பெரணிச் செடி. மூடி இறுக்கத் திருகியிருக்கிறது.

குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கும் பிரிவில் அவருக்கு வேலை. பெட்டியில் சூடு சற்றே ஏறினாலும் விரல் தானாகச் சூட்டைக் குறைக்கும் குமிழுக்குப் போகும். அடுத்த வீட்டுக்காரனான என்னைப் படிக்கட்டில் மடக்குவார்: “ஒரு பெட்டிக்கே ராப்பகலா ஆள் வேணும் தம்பி. இவ்ளோ பெரிய பூமிக்கு? வெயில் ஏறினா கடல் சூட்டை வாங்கி வச்சுக்குது, மேகம் குடை பிடிக்குது, மழை கல்லைக் கரைச்சு, காத்துல இருக்கற கரியமில வாயுவையும் இழுத்துட்டுப் போகுது. யாரும் யோசிக்காமலா இப்படி அமைஞ்சுது?”

கல்லூரியில் பருவநிலைப் பாடம் நடத்தும் அவர் மகளுக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். “தானா அமைஞ்சதும்மா. யாரோ பாத்துக்குவாங்கன்னுதான் எல்லாரும் புகையா விட்டுட்டிருக்கோம்.”

“கட்டுனவரு ஒழுங்காத்தான் கட்டினாரு. குடியிருக்கறவங்களே கொள்ளி வச்சா அவரு என்னடி பண்ணுவாரு?”

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் ஜாடியைக் காட்டி, பூமியும் இப்படித் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது என்று நர்ஸம்மா பேசப்போகிறார். அங்கே பல வருடங்களாக எட்டிப்பார்க்காத மகள் வந்து உட்கார வேண்டும். அதுதான் அவர் ஆசை. மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: “அதுவரைக்கும் நீ கை வைக்காம செடி பிழைச்சிருந்தா வர்றேன்.”

லேசான நிபந்தனை இல்லை. முந்தைய இரண்டு ஜாடிகளும் அவர் பாசத்தாலேயே செத்தவை. வாடுகிறதோ என்று தண்ணீர் விடுவார். அதிகமாகிவிட்டதோ என்று வெயிலில் வைப்பார். “அமைச்சவங்களே தினம் மூடியைத் திறந்தா அது என்னம்மா அமைப்பு?” என்று அப்போது மகள் சிரித்தாள். அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

சனிக்கிழமை மாலை மகள் வந்தபோது நானும் அங்கிருந்தேன். ஜாடி முழுக்க நீராவி மூட்டம். பெரணியின் ஓர் இலை பழுத்துத் தொங்கியது. எனக்கே மனசு கேட்கவில்லை. “லேசாத் திறந்துவிடுங்களேன்.”

“சும்மா இருங்க தம்பி. நம்பறேன்னு ஊருக்குச் சொல்லிட்டுத் திருட்டுத்தனமா திறக்கவா?” கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

மகள் அவரையே பார்த்தாள். பிறகு, “செத்தாலும் வர்றேன்மா, போதும்” என்று திறப்பதற்காக மூடியின் மேல் கை வைத்தாள்.

நர்ஸம்மா அவள் மணிக்கட்டைப் பற்றினார், இருட்டும்வரை விடவில்லை.