பூட்டை இழுத்துப் பார்த்தவர்

விழுப்புரம் பாசஞ்சரில் வந்து இறங்கிய ரயில்வே நண்பர் ஒருவர், திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: “ராஜமாணிக்கம் போய்ட்டாருங்க.” எங்கே என்று கேட்டேன். அவருடைய நாவலில் வரும் பொன்னம்பலம் கேட்கக்கூடிய கேள்வி அது என்று பிறகுதான் உறைத்தது.

அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கலாம். அந்த ஒரே நாவல் தொடராக வந்தபோது அதற்கு மெய்ப்புத் திருத்தியவன் என்பதால் துணிகிறேன்.

அவர் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. நான் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். ஐம்பதுகளின் நடுவில் நண்பர்கள் சேர்ந்து ஒரு மாதப் பத்திரிகை நடத்தினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் அத்தியாயத்துடன் திண்டிவனத்துக்கு ரயிலேறுவார். எதிரே உட்கார்ந்தவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவார். யாரும் சிரிக்காத இடங்களைப் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் இறங்குவார். “முண்டியம்பாக்கம் வரைக்கும் நல்லா சிரிச்சாங்க சார், பேரணி ஸ்டேஷன்ல படுத்துடுச்சி” என்பார். மதியம் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.

நகைச்சுவை நாவலை இலக்கியத்தில் சேர்ப்பார்களா என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“துணுக்குன்னா சிரிச்சிட்டு எழுந்து போயிடலாம் சார். நாவல்ல அந்த ஆளோட குடித்தனம் பண்ணணும். சிரிச்சு முடிச்சப்புறம் அவன் வூட்டுக்குப் போயி ஒரு வேளை சாப்டலாம்னு தோணணும். தோணலன்னா அது வெறும் கேலி.”

அவருடைய பொன்னம்பலம் வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அப்படியே மகள் கல்யாணத்துக்குப் போகும் ரயிலைத் தவறவிடுகிறார். எல்லோரும் சிரித்த அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகூர்த்தம் என்னவாகுமோ என்று கவலையாக இருந்தது.

பத்திரிகை அச்சான அச்சகம் இருந்த கட்டடம், மல்லாட்டை எனும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த வேலாயுதத்துக்குச் சொந்தம். அவரும் மண்டிப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவர். ஒரு ஞாயிறு நேரே உள்ளே வந்துவிட்டார்.

“என்னாய்யா, என்னை வெச்சி எழுதிக்கினு இருக்கியா? ஊரே சிரிக்குது, ஒரே பேஜாரு. யாரை எழுதினன்னு இப்பவே சொல்லு. இல்லன்னா ஜல்தியா எடத்தைக் காலி பண்ணிக்கினு போங்க.”

தொடரோடு பத்திரிகையும் போயிற்று என்று நினைத்தேன். ராஜமாணிக்கம் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, “நான்தாங்க அது” என்றார்.

“நீயா? அத்தினி பயந்த ஆளா நீ?”

“எம்பொண்டாட்டிய உள்ள வெச்சே வூட்டைப் பூட்டிட்டேங்க ஒரு நாளு.”

வேலாயுதம் சிரித்துவிட்டார். வாசல் வரை போனவர் திரும்பி, “அந்தப் பொண்ணு கல்யாணம் நடந்துச்சா, இல்லியா?” என்றார்.

“அடுத்த மாசம் வருங்க.”

வந்தது. நாவலும் முடிந்தது.

விழுப்புரத்தில் பதினாறாம் நாள் காரியம் ஆனபின், ராஜமாணிக்கத்தின் மனைவியார் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார். துணையாக ரயிலடி வரை நானும் நடந்தேன். அவர் பூட்டிய பூட்டை என் கை இழுத்துப் பார்த்தது. தெருமுனைக்கு வந்ததும் மேலே நடக்கக் கால் வரவில்லை. “ஒரு நிமிஷம்மா” என்றேன்.

அத்தனை நாள் அழுதுகொண்டிருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “போங்கண்ணே, இழுத்துப் பாத்துட்டு வாங்க. அவரு இருந்தா இன்னொரு அத்தியாயம் எழுதிருப்பாரு.”

“அது அவரைப் பத்தினதுதானேம்மா?”

“அவரா? சாவி எங்கன்னே தெரியாத மனுசன். அன்னிக்கு மண்டிக்காரரு கேட்டப்ப உங்க பேரைச் சொல்லியிருந்தா பள்ளிக்கூடத்துல பசங்க உங்களைக் கேலி பண்ணியிருப்பாங்க, தாங்க மாட்டீங்கன்னாரு. தொடரே நின்னாலும் சொல்லியிருக்க மாட்டேன்னாரு.”

வரிக்கு வரி நான் திருத்திய நாவல் அது. பூட்டை இழுத்துப் பார்ப்பது வேடிக்கை என்றே எனக்குத் தோன்றியதில்லை. அதனால் அது நான் என்றும் தோன்றவில்லை. வீடு திரும்பி மறுபடி படித்தேன். கல்யாண ரயில் போய்விடும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. திண்டிவனத்துக்கு வந்த ஒரு ஞாயிறுகூட அவர் ஓட்டலில் சாப்பிட்டதில்லை.

சென்று வாருங்கள், ராஜமாணிக்கம். வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டேன்.