தகரம் கட்டிய சாட்டை

எங்கள் எஸ்டேட் பாஸ்குவில் ஆண்டவரை அடிக்கிற சாட்டை பழைய சேலைத் துணியில் முறுக்கியது. சிவப்புச் சாயம் கரைத்த வாளியில் அதை முக்கி வைத்திருப்பார்கள். ஓங்கி அடித்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், முதுகில் சிவப்பாக ஒரு வரி விழும், வலி இருக்காது. பெரிய வெள்ளியன்று ஆண்டவர் பட்ட பாடுகளை நடித்துக் காட்டுவதைத்தான் நாங்கள் பாஸ்கு என்போம். பீர்மேட்டுப் பக்கம் எங்கள் லயங்களில், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளில், பாதிக்கு மேல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த வேதக்காரர்கள். அது சாயம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழுவார்கள்.

ஒன்பது வருஷமாக ஆண்டவர் வேஷம் கட்டியவர் என் வீட்டுக்காரர். மற்ற நாளில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடியை வெட்டி இறக்குகிறவர். ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலம் நாற்பது நாளும் செருப்புப் போடமாட்டார், பீடி தொடமாட்டார். அவரை அடிக்கிற படைச்சேவகன் என் கூடப்பிறந்த தம்பி. அம்மா கொழுந்தெடுக்கப் போனால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று என்னை நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். என் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். மழை பிடித்தால் லயத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குமுளிக்குப் போன பஸ் கால்மணி நேரம் தாமதித்தால் மனசுக்குள் நாலு பிணம் எடுத்துவிடுவேன். அதனால் நான் சொல்வதற்கு வீட்டில் மதிப்புக் கிடையாது. "பயந்தாங்குளி சொல்லுதா, கேட்டுக்கோ" என்று தம்பி சிரிப்பான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தபசுக்காலத்தில் ஜீப் ஒன்று வந்தது. பின்னால் படம் காட்டும் மிஷின், ஜெனரேட்டர், சுருட்டிய திரை. கோயில் முற்றத்தில் திரையைக் கட்டி, இருட்டியதும் ஆண்டவர் படம் போட்டார்கள். பேச்சு ஏதோ வெளிநாட்டுப் பாஷை. ஜீப்காரர் மைக்கில் மலையாளமும் தமிழும் கலந்து கதை சொன்னார். மஞ்சு இறங்கி வெளிச்சத்துக்குள் புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் படத்தில் ஆண்டவரைக் கல்தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். சாட்டை நுனியில் எலும்பும் இரும்பும் கட்டியிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் சதை கூடவே வந்தது. நிறுத்துவார்கள், முடிந்தது என்று மூச்சு விடுவோம், புதிதாக ரெண்டு பேர் வந்து மறுபடி தொடங்குவார்கள். ஆணியை உள்ளங்கையில் அடிக்காமல் மணிக்கட்டில் அடித்தார்கள். "எல்லாம் பெரிய படிப்புக்காரர்கள் ஆராய்ச்சி செய்து, அன்றைக்கு நடந்தது நடந்தபடி எடுத்தது" என்று ஜீப்காரர் மைக்கில் சொன்னார். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில், பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, சண்டை. ஆணி உள்ளங்கையிலா மணிக்கட்டிலா? கோயில் சுரூபத்தில் உள்ளங்கையில்தானே இருக்கிறது? சுரூபம் செய்தவன் பார்த்தானா, படம் எடுத்தவன் பார்த்தானா? பக்கத்து லயத்துக் கிழவர் ஒருவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னலே, ஒன்பது வருசமா கலர்த்தண்ணியில குளிச்சிட்டு ஆண்டவர்னு சொன்னியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜீப் கிளம்புமுன் கட்டன்சாயா கொடுக்கிற சாக்கில் போய்க் கேட்டேன். "அண்ணே, அதெல்லாம் நிசமா அடிச்சதா?"

"எந்தா சேச்சி, அது சாயமாக்கும். சாட்டை பஞ்சு. நிசமாயிட்டு அடிச்சா நடிகன் பிழைப்பானா?"

"ஆராய்ச்சின்னு சொன்னீங்களே."

"மைக்கில அப்படிப் பறஞ்சாத்தான் ஆள் இருக்கும்."

ஓடிவந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஞ்சுச் சாட்டையாம், அங்கேயும் சாயம்தானாம். அவர் கத்தியைச் சாணையில் தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "படத்துல பஞ்சு. ஏட்டி, அன்னைக்கு நடந்தது பஞ்சா?" என்றார்.

ஒரு வாரம் கழித்து ஃபேக்டரியில் கழித்துப் போட்ட பெல்ட்டை வாரு வாராக அறுத்து அவரே சாட்டை பின்னினார். நுனிகளில் தேயிலைப் பெட்டி விளிம்பில் அடிக்கிற தகரத்தைத் துண்டு போட்டுக் கட்டினார். ஈரத்தில் கிடந்த பெட்டியின் தகரம், பழுப்பேறியிருந்தது.

நான் உபதேசியாரிடம் போனேன். சாமியார் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற நாளில் கோயிலுக்கு அவர்தான் எல்லாம். அவர் வேதப்புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துக் காட்டினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடித்ததைப் பற்றி ஒரே ஒரு வரி. எத்தனை அடி, எந்தச் சாட்டை, ஒன்றும் இல்லை. திரையில் கால்மணி நேரம் ஓடியது அங்கே ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

"அப்ப நீங்க அவருகிட்ட சொல்லுங்கய்யா."

"ஏம்மா, இந்த வருசம் மூணு எஸ்டேட்டுச் சனம் வருது. நல்லபடியா நடக்கட்டும். தகரச் சாட்டைய காட்டிட்டுத் தூணுல அடிக்கட்டும், நான் சொல்லுதேன்."

தம்பியை என் தலையில் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினேன். துணிச் சாட்டை முதுகில், தகரச் சாட்டை தூணில். "அக்கா, எங்க அத்தான நான் வெட்டிப் போட்டுருவேனா?" என்றான்.

பெரிய வெள்ளி மத்தியானம். பிரட்டுக்களம் நிறைந்து, தேயிலைச் செடிகளுக்குள்ளும் ஆட்கள் நின்றார்கள். தேசாதிபதி வேஷக்காரர் கை கழுவினார். இவரைத் தூணில் கட்டினார்கள். துணிச் சாட்டையால் வழக்கம்போல அடித்தான், யாரும் அழவில்லை. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தான். தம்பி தகரச் சாட்டையை எடுத்துத் தூணில் ரெண்டு அடி அடித்தான். மரச் சிம்பு தெறித்தது. அப்போது என் வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி அவனிடம் ஏதோ சொன்னார். "என் மேல அடிலே. இல்லன்னா நான் சிலுவையத் தூக்க மாட்டேன், பாஸ்கு இத்தோட நிக்கும்" என்று சொன்னாராம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தகரம் முதுகில் விழுந்த முதல் அடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒன்பது வருஷம் கத்திய கத்தல் எனக்குப் பாடம். இது அது இல்லை. "போதும், விடுலே" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் மாரில் அடித்துக்கொண்டு, "போதும், விடு" என்று ராகம் போட்டு இழுத்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் வாங்கிக்கொண்டாள். பாஸ்குவில் பெண்கள் அழுது பாடுவது வழக்கம்தானே. என் கத்தலை எடுத்து அதை ஒப்பாரியாக்கிவிட்டார்கள். களம் முழுக்க "போதும், விடு" என்று பாடுகிறது, அந்தச் சத்தத்துக்குள் நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், என் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்கிறான். கூட்டத்தைப் பிளந்து முன்னால் போவதற்குள் ஏழு விழுந்துவிட்டது.

சிலுவையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். அந்த வருஷம் அழாதவர்கள் யாருமில்லை.

முதுகைக் கழுவ விடவில்லை. "மூணாம் நாளு உயிர்ப்புக்குப் பொறவு கழுவிக்கலாம்" என்றார். சனிக்கிழமை டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, தகரம் பட்ட காயம், கீழே போய் டெட்டனஸ் ஊசி போட வேண்டும் என்றார். இவர் சரி என்று தலையாட்டினார். வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி என்னைக் கேட்காமலே உள்ளே வந்து, அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அவளை விரட்டியிருக்க வேண்டும். காயத்துக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த நானே, அன்றைக்கு முக்காடு போட்டுக்கொண்டுதான் அந்த முதுகைத் தொட்டேன்.

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை கவ்வாத்துக்குப் போய்விட்டார். ஊசி அடுத்த லீவுக்கு என்றார். அந்த வாரக் கடைசியில் காலைக் கஞ்சியை வாயில் வைத்தவர், "ஏட்டி, தாடை பிடிச்சிருக்கு" என்றார். வாழ்நாளெல்லாம் ஒன்றுமில்லாததற்குப் பயந்தவள் நான். அன்றைக்கு மட்டும் பயப்படவில்லை. சொத்தைப் பல் என்று நினைத்து ஒரு கிராம்பைக் கொடுத்து, அடக்கிக்கொள்ளுங்கள் என்றேன். சாயங்காலம் அந்தக் கிராம்பை எடுக்கக்கூட அவருக்கு வாய் திறக்கவில்லை.

எஸ்டேட் ஜீப்பில் குமுளி, அங்கிருந்து மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி. சன்னலை அடைத்து இருட்டாக்கின அறையில் போட்டார்கள். சத்தம் கேட்டால் உடம்பு வில்லாக வளையும். பேசாதீர்கள், பாத்திரம் உருட்டாதீர்கள் என்றாள் நர்ஸ். மூன்று நாள் அவர் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் முதுகைத் திருப்பிப் பார்த்து, "இது வழியாத்தான் ஏறியிருக்கு. துருத் தகரம்" என்றார். தம்பி அப்போது வெளியே மருந்து வாங்கப் போயிருந்தான். மூன்றாம் நாள் விடியலில் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று உபதேசியார் பேசினார். அதிலேயே அடி முப்பத்தொன்பதாகிவிட்டது. கொஞ்ச நாளில் பக்கத்து எஸ்டேட்டில் அவர் சிலுவையிலேயே உயிர் விட்டதாகச் சொன்னார்கள். கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு வந்த ஓர் அம்மாளிடம், ஏழு அடிதான், கூட இருந்து எண்ணியவள் நான், செத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஏழுன்னு வெளிய சொல்லாத தாயி. கொறச்சலா இருக்கு."

தம்பி வேலைக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவிவிடுவான். ஒரு நாள் காலையில் லயத்துக் குழாயடியில் நான் குடம் வைத்திருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"அக்கா. டாக்டர் என்ன சொன்னாரு? எது வழியா ஏறுச்சாம்?"

ஏழு அடியைக் குறைக்காதே கூட்டாதே என்று ஊரோடு மல்லுக்கு நின்றவள்தான் நான். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. "கையிலடா" என்றேன். "சிலுவைக் கட்டையில ஒரு துருப்பிடிச்ச ஆணி நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. தூக்கும்போது உள்ளங்கையக் கீறிருக்கு. அதுதான்னாரு."

"முதுகு இல்லையா?"

"முதுகு ஆறிட்டு வந்திச்சு. நீ பாத்தியே."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நம்பினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் போய், பானையிலிருந்த பழைய சோற்றை நின்றபடியே தின்றான். பிறகு ஒரு குறடை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தான். சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிலுவைக் கட்டையிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.